மொகத்த மாத்தினாங்க, சரி... ஒரே காரோட ரெண்டு ஜெனரேஷனும் ஓட்டின அனுபவம்

ஒரு லக்ஷுரி கம்பெனியோட ஒரே மாடல்ல பழைய ஜெனரேஷன், புது ஜெனரேஷன் ரெண்டுமே வருஷக்கணக்கா ஓட்டியாச்சு. கம்பெனி பேர் வேணாம், சொன்னா ரசிகர்கள் சண்டைக்கு வந்துடுவாங்க. பழசு, பாத்தவுடனே "என்னடா இது"ன்னு கேக்க வைக்கிற ரகம். ஒல்லியா இழுத்துவிட்ட ஹெட்லைட், பெரிய கிரில், பின்னாடி சரிஞ்சு இறங்குற கூரை, பக்கவாட்டுல ஷார்ப்பா ஒரு மடிப்பு. புதுசுல இது எல்லாத்தையும் மழுக்கிட்டாங்க, நிறைய பேர் வாங்கணும்ல.

உண்மையச் சொல்லணும்னா அந்த மொகத்துக்காகத்தான் பழச வாங்கினேன், அத நான் கடைசி வரைக்கும் குறை சொல்லவே இல்ல. தொல்லை குடுத்ததெல்லாம் வேற. பின் சீட்ல கொஞ்சம் உயரமான ஆள் உக்காந்தா தலை கூரையில இடிக்கும், நேரா உக்கார முடியாம சீட்டோட முன் நுனிக்கு நகந்து கூன் போட்டு உக்காருவாங்க, ரெண்டாவது தடவ கூப்பிட்டா "நான் என் வண்டியிலயே வந்துடறேன்"ம்பாங்க. டிக்கி உள்ள நல்ல ஆழம் ஆனா வாய் சின்னது, பெரிய சூட்கேஸ சாய்ச்சு திருப்பி ஒரு பக்கமா விட்டாத்தான் போகும். அப்புறம் அந்த மடிப்பு! பார்க்கிங்ல எவனோ கதவத் திறந்து சரியா அந்தக் கோட்டுலயே இடிச்சுட்டுப் போயிட்டான், சமமான எடமா இருந்தா பெயிண்ட் போகாம உள்ளருந்து தள்ளி எடுத்திருப்பாங்க, மடிப்புல அடி வாங்கினா பழைய ஷார்ப்னஸ் வராதுன்னு டின்கரிங் பண்றவரு மொதல்லயே சொல்லிட்டாரு, வரவும் இல்ல.

புதுசுல கூரைய சரி பண்ணிட்டாங்க, டிக்கி வாயும் அகலம், வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா மொகம் யார் கார்னே தெரியாத மாதிரி ஆயிடுச்சு, பார்க்கிங்ல நானே நம்பர் ப்ளேட் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். அதோட ஏசி பட்டன எல்லாம் எடுத்துட்டு டச் ஸ்க்ரீனுக்குள்ள போட்டுட்டாங்க, ஃபேன் ஸ்பீடு குறைக்கணும்னா ரோட்ல இருந்து கண்ண எடுக்கணும். அதாவது யாரும் கேக்காத எடத்துல புதுமை, காசு குடுத்து வாங்கின எடத்துல அடக்கம்.

வித்தியாசமா இருந்தா விக்காதுன்னு சொல்றத நான் நம்பல. 2001ல பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் வந்தப்ப அதோட விசித்திரமான டிக்கி மூடியப் பாத்து, டிசைன் தலைவரா இருந்த க்ரிஸ் பேங்கிள திட்டாதவங்க இல்ல, அவர வேலைய விட்டுத் தூக்கணும்னு கையெழுத்தெல்லாம் வாங்கினாங்க, ஆனாலும் அந்தக் கார் நல்லாவே வித்துச்சு. 2005ல ஃபேஸ்லிஃப்ட்னு அதே காருக்கு சின்னச் சின்ன மாத்தம் பண்ணப்ப ஹெட்லைட்டயும் பின்பக்கத்தயும் கொஞ்சம் சாந்தப்படுத்தினாங்க, அவ்ளோதான். போர்ஷே கத இன்னும் சுவாரஸ்யம்: அவங்களோட பேர்போன 911 ஸ்போர்ட்ஸ் கார்ல 996ங்கற தலைமுறைக்கு, செலவு மிச்சம்னு அவங்களோட விலை கம்மியான பாக்ஸ்டர் காரோட முன்பக்கத்தயே கிட்டத்தட்ட பங்கு போட்டுக்கிட்டாங்க, வட்ட ஹெட்லைட் போச்சேன்னு ரசிகர்கள் பொலம்பித் தீத்துட்டாங்க, 2004ல அடுத்த தலைமுறையான 997 வந்தப்ப வட்டம் திரும்பி வந்துடுச்சு. அதே கம்பெனி பனமேராங்கற நாலு கதவு காருக்கு 2009ல பின் சீட்காரங்க தலைக்கு எடம் விட்டு முதுகு தூக்கின மாதிரி ஒரு கூரை போட்டு நல்லா கிண்டல் வாங்கினாங்க, 2016 மாடல்ல பின்பக்கக் கூரைய 20 மில்லிமீட்டர் இறக்கியும் உள்ள தலைக்கு எடம் குறையாமப் பாத்துக்கிட்டாங்க. அழகா, எடமான்னு சண்டை போட வேண்டியதே இல்ல, உக்காந்து வேலை பாத்தா ரெண்டும் கெடைக்கும்.

என் வண்டிய டிசைன் பண்ணவங்க மொகத்த அப்படியே விட்டுட்டு கூரைய மட்டும் மாத்தியிருந்தா இந்நேரம் பழச வித்திருக்கவே மாட்டேன்... சாரி, மாத்தின புதுச இன்னும் ஆசையா ஓட்டிட்டிருப்பேன். விக்கும்போது ஒண்ணு கவனிச்சேன், பழசக் கேட்டு வந்தவங்க கம்மி, ஆனா வந்தவங்க அதத் தேடியே வந்தாங்க, பேரமே பெருசா பேசல. இப்ப புதுசயும் விக்கப் போட்டிருக்கேன், விசாரிக்கிறவங்க நிறைய, எல்லாரும் கூடவே இன்னும் நாலு கார் பேரச் சொல்லி "அது இதவிட கம்மியா கெடைக்குதே"ங்கறாங்க.

இந்த மாதிரி விசித்திர டிசைன் கார் செகண்ட் ஹேண்ட்ல பாக்கறவங்க, உங்க வீட்லயே உயரமான ஆள கூட்டிட்டுப் போய் பின் சீட்ல உக்கார வைங்க, சும்மா ஏறி எறங்காம கொஞ்ச தூரம் மேடு பள்ளத்துல ஓட்டிப் பாருங்க. ஹெட்லைட்டயும் கிட்ட போய்ப் பாருங்க, என் பழசுல அது முழு யூனிட்டாத்தான் வரும், உள்ள ஒரு எல்இடி போனாலும் மொத்தமா மாத்தணும்.