தலைசுற்றலுக்கு மாத்திரையா, எப்லியா, பயிற்சியா?

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, மருந்துக்கடையில் போய் "தலை சுத்துது" என்று சொன்னால் பெரும்பாலும் ஒரு அட்டை மாத்திரை கைக்கு வந்துவிடும். பீட்டாஹிஸ்டின், சின்னரிசின், புரோகுளோர்பெரசின் இவற்றில் ஏதோ ஒன்று. வாங்கியவர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டே இருப்பார். அந்த மாத்திரை தேவையே இல்லாதவர்கள் அதில் நிறையப் பேர் என்பதுதான் என் ஆதங்கம்.

மாத்திரை, எப்லி என்ற தலைத்திருப்பல் முறை, சமநிலைப் பயிற்சி என்று மூன்று வழிகள் உண்டு. எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒரு தடவை சுற்றினால் எவ்வளவு நேரம் நிற்கிறது? காது கேட்பதில் மாற்றம் இருக்கிறதா? கேட்கும் உறுப்பும் சமநிலை உறுப்பும் உள்காதில் ஒட்டியே இருக்கின்றன, மூளைக்குப் போவதும் ஒரே எட்டாம் நரம்பு வழியாகத்தான். அதனால் காதைப் பற்றிக் கேட்காமல் தலைசுற்றலுக்கு மருந்து கொடுப்பது பாதி வேலைதான்.

படுக்கையில் புரளும்போது, பரணில் இருப்பதை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது, குனியும்போது சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறதா? கேட்பதில் குறை ஏதும் இல்லையா? அப்படியானால் காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு, கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி, திரவம் அசைவதை வைத்து தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்பவை. பக்கத்துப் பையில் இருக்க வேண்டிய துகள்கள் அந்தக் குழாய்க்குள் விழுந்துவிட்டால் தலை அசையும்போதெல்லாம் வீடே சுற்றும். குலசேகரம் பக்கம் விடியற்காலையில் மரத்துக்கு மரம் குனிந்து ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும், தென்னை ஏறுகிறவருக்கும் இது பிழைப்பையே நிறுத்திவிடும். மரத்தின் மேலே இருக்கும்போது வந்தால் உயிருக்கே ஆபத்து.

இங்கே மாத்திரைக்கும் எப்லிக்கும் போட்டியே கிடையாது. மாத்திரை குமட்டலைக் கொஞ்சம் அடக்கும், துகளை ஒரு மயிரிழைகூட நகர்த்தாது. ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் வெளியிட்ட முறை அந்தத் துகளையே பழைய இடத்துக்கு உருட்டிவிடுகிறது. பாதித்த காதுப் பக்கம் தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கட்டிலுக்கு வெளியே சற்றுத் தாழ்த்திப் பிடிப்பார்கள். சுற்றல் அடங்கியதும் தலையை மறுபக்கம் திருப்பி, அப்புறம் உடம்பையும் அதே பக்கம் புரட்டி, கடைசியில் எழுப்பி உட்காரவைப்பார்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலை. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடும். மருத்துவருக்கு ஒரு கட்டில் போதும், வேறு கருவி வேண்டாம்.

இதற்கும் குறை உண்டு. எந்தக் காது, எந்தக் குழாய் என்று முதலில் படுக்கவைத்து, கருவிழி துடிப்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பக்கவாட்டுக் குழாயில் துகள் இருந்தால் எப்லி உதவாது, உருட்டும் விதம் வேறு. ஒருமுறை போனது சில வருடங்களில் திரும்பவும் வரலாம். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர் வீடியோ பார்த்துத் தானாகச் செய்துகொள்ள வேண்டாம்.

சரி, சுற்றல் நிமிடத்தில் நிற்காமல் இரண்டு மூன்று நாள் ஓயாமல் இருந்தால்? கேட்கும் திறன் நன்றாக இருந்தால் அநேகமாகச் சமநிலை நரம்பின் அழற்சி. இதில் மாத்திரைக்கு இடம் உண்டு, முதல் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும். அதற்கு மேல் கொடுத்தால், மூளை புதிய நிலைக்குப் பழகுவதை மருந்தே தடுத்துவிடும். பிறகு செய்ய வேண்டியது சமநிலைப் பயிற்சி: கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை இருபுறமும் ஆட்டுவது, மெத்தைமேல் நிற்பது, ஒரு காலின் விரல்களுக்கு முன்னால் மறு காலின் குதிகாலை வைத்து நடப்பது. முதல் வாரம் தலைசுற்றல் கூடும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம், நிறுத்தக் கூடாது. முதியவர்களுக்கு சின்னரிசினையும் புரோகுளோர்பெரசினையும் நீண்ட நாள் கொடுத்தால் கை நடுக்கம், நடை தளர்வு என்று பார்க்கின்சன் போன்ற தொல்லை வரலாம். தலைசுற்றலுக்குத் தின்ற மருந்தாலேயே ஒரு பாட்டி விழக்கூடும் என்பது எவ்வளவு கொடுமை!

மெனியர் நோய்தான் சிக்கலானது. இருபது நிமிடத்திலிருந்து பல மணி நேரம்வரை சுற்றும், காது அடைத்துக்கொள்ளும், இரைச்சல் கேட்கும், கேட்கும் திறன் ஏறி இறங்கும். இதற்கு எப்லி பயன்படாது. பீட்டாஹிஸ்டின் நம்மூரில் வழக்கமாக எழுதப்படுகிறது. ஆனால் ஜெர்மனியில் 221 பேருக்கு ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலாக நிற்கவில்லை. உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். மரச்சீனியும் மீன்கறியும் இருக்கட்டும், கருவாடு, ஊறுகாய், பப்படம் இவற்றில்தான் கைவைக்க வேண்டும். அடங்காவிட்டால் செவிப்பறை வழியாக ஊசி: ஸ்டீராய்டா, ஜென்டாமைசினா? இங்கிலாந்தில் 60 பேரிடம் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டபோது சுற்றலைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. ஜென்டாமைசின் உள்காதின் உணர்செல்களை அழித்து வேலை செய்வது, கேட்கும் திறனையும் பறிக்கக்கூடும். எனவே காது இன்னும் கேட்கிறவருக்கு நான் ஸ்டீராய்டையே முதலில் யோசிக்கச் சொல்வேன்.

வர்ம ஆசானிடம் போகிற வழக்கம் நம் மாவட்டத்தில் ஆழமானது. எண்ணெய் தேய்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கழுத்தைத் திருகி நெட்டி எடுக்கவிடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அங்கே கிழிய வாய்ப்புண்டு.

எதை எடுப்பது என்று தெரியாதவர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுக்க வேண்டுமா, படுக்கவைத்துப் பார்க்கும் சோதனை வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலவீனம், நிற்கவே முடியாமை சேர்ந்து வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலும் அன்றைக்கே போங்கள். ஸ்டீராய்டு அதிகம் பலன் தருவது முதல் இரண்டு வாரத்தில்தான். கடலில் சிப்பி எடுக்க மூழ்கி எழுந்தவருக்குச் சுற்றலோடு காதும் மந்தமானால், அவரை முக்கவோ மூச்சை அடக்கவோ விடாமல், தலையை உயர்த்திப் படுக்கவைத்து நேரே காது மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.