குறிஞ்சி டிசைனை எப்படிக் கொடுப்பது: போட்டோவா, ஜெராக்ஸா, பிடிஎஃபா, கிட்டா?

புதுசாக ஒரு கிராஸ் ஸ்டிச் (துணியின் கட்டத்தை எண்ணிப் பெருக்கல் குறி போலப் போடும் தையல்) டிசைன் போட்டு முடித்தால், "அழகா இருக்கு" என்ற பேச்சு அரை நிமிஷம்கூட நிற்காது. அடுத்து "சார்ட் குடுங்க" என்று வந்துவிடும், எந்தக் கட்டத்தில் எந்த நிற நூல் என்று காட்டும் கட்டப் படத்தைக் கேட்டு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் தைக்கிற எங்கள் கூட்டத்தில் கொடுப்பதா வேண்டாமா என்று யாரும் சண்டை போடுவதில்லை. எந்த வடிவில் கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. வாட்ஸ்அப்பில் போட்டோ போதும் என்பார் ஒருவர். செல்லில் பார்க்கக் கண் வலிக்கிறது, ஜெராக்ஸ் கொடு என்பார் இன்னொருவர். கொடைக்கானலில் இருப்பவருக்குப் பிடிஎஃப். ஊசியே இப்போதுதான் பிடிக்கிறவர்களுக்கு நூலும் துணியும் வெட்டிவைத்த கிட்.

பேச்சுக்கு ஒரு டிசைனை எடுத்துக்கொள்வோம். நீலக்குறிஞ்சிக் கொத்து ஒன்று, அகலம் 112 கட்டம், உயரம் 84 கட்டம். 14 கவுண்ட் ஐடாவில், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் வரும்படி நெய்த துணியில், தைத்தால் 8 அங்குலத்துக்கு 6 அங்குலம் வரும். 16 கவுண்ட்டில் 7க்கு 5¼. குறிஞ்சியை வேண்டுமென்றேதான் எடுக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது எல்லோருக்கும் தெரியும். 2018இல் பூத்தது, இனி 2030. டிசைன் போடுகிறவருக்குத் தலைவலி அதன் நிறம். விரியும்போது வெளிறிய நீலம், நாளாக ஆக ஊதா ஏறும். ஒரே கொத்தில் அடுத்தடுத்து மூன்று நான்கு நீல ஊதாக்கள். சார்ட் சரியில்லை என்றால் முதலில் குழம்புவது அங்கேதான்.

எந்த வடிவம் நல்லது என்று பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: டிசைன் போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் இன்னொருவர் இதைத் தைத்து முடிக்க முடியுமா?

போட்டோ இதில் சீக்கிரமே தோற்றுவிடும். தைத்து முடித்த துணியின் படத்தைப் பெரிதாக்கிக் கட்டம் எண்ணி எடுப்பது சின்ன பார்டருக்குச் சரி, கைதேர்ந்தவர்கள் செய்துவிடுவார்கள். குறிஞ்சிக் கொத்துக்கு நடக்காது. சார்ட்டையே படம் பிடித்து அனுப்பினால் வேறு வம்பு: வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். போன் வரும், "ஏங்க்கா, இந்தக் கட்டத்துல இருக்கறது புள்ளியா, சுழியா?" என்று. அப்படியே அனுப்பத்தான் வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள், படம் சுருங்காது. இருந்தாலும் ஜன்னலோரம் எடுத்த படத்தில் ஒரு நீலம், எல்இடி பல்ப் அடியில் எடுத்த படத்தில் வேறு நீலம். போட்டோவின் வேலை ஆசையைக் கிளப்புவது. அதற்கு அதை விட்டால் வேறு இல்லை.

குறிஞ்சிப் பூவின் போட்டோவை ஒரு ஆப்பில் போட்டால் அதுவே சார்ட் ஆக்கித் தருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. தரும். அறுபது எழுபது நிறம் கேட்கும். ஒரு நிறத்தில் ஒரே ஒரு தையல், பக்கத்துக் கட்டத்தில் வேறு நிறம், அதற்கடுத்து இன்னொன்று என்று இறைத்துவிட்ட மாதிரி இருக்கும். நாலு தையலுக்கு ஒருமுறை நூல் மாற்றி, பின்பக்கம் முழுக்க முடிச்சாகிவிடும். போட்டோ வேறொருவர் எடுத்தது என்றால் அவர் அனுமதியும் வேண்டும். கையால் வரைந்த டிசைனில் பன்னிரண்டு நிறத்துக்குள் குறிஞ்சியை அடக்கிவிடலாம்.

கிராஃப் பேப்பரும் கம்ப்யூட்டரும்

உண்மையான போட்டி இங்கேதான். கையால் கட்டம் நிரப்பிய சார்ட்டுக்கு ஒரு பெருமை உண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் யோசித்துத்தான் நிரப்பியிருப்பார்கள். இதழின் ஓரத்தில் எந்த நிறம் முடிந்து எது தொடங்க வேண்டும் என்பதை ரப்பரும் பென்சிலும் வைத்து முடிவு செய்வது போல் மவுஸை வைத்துச் செய்ய எனக்கு வராது. டிசைன் பிறக்கிற இடம் கிராஃப் பேப்பர் என்பதில் மாற்றுக் கருத்தில்லை.

அதையே அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதில்தான் சிக்கல். பள்ளிக்கூட கிராஃப் ஷீட்டில் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் நம் குறிஞ்சி 22.4 சென்டிமீட்டருக்கு 16.8 சென்டிமீட்டர். ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்தால் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும், கண்தான் அடங்காது. கணக்கு நோட்டின் ஐந்து மில்லிமீட்டர் கட்டத்தில் போட்டால் 56க்கு 42 சென்டிமீட்டர். ஆறு தாளை ஒட்டிச் சுவரில் மாட்ட வேண்டியதுதான். மூன்று மில்லிமீட்டர் கட்டம் கச்சிதம்: தாளுக்கு அகலத்தில் 56 கட்டம் வீதம் இரண்டே ஏ4 தாள். ஒவ்வொன்றிலும் அகலம் 16.8, உயரம் 25.2 சென்டிமீட்டர், ஓரத்துக்கும் இடம் மிஞ்சும். ஆனால் மூன்று மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாள் கடையில் கேட்டால் கிடைக்காது. கம்ப்யூட்டரில்தான் அச்சடிக்க வேண்டும்.

அடுத்தது நிறம். கலர் பென்சிலால் நிரப்பிய சார்ட்டைக் கருப்பு வெள்ளை ஜெராக்ஸில் போட்டால் வெளிர்நீலம் காணாமல் போகும், ஊதா கருப்பாகிவிடும், நடுவில் இருந்த இரண்டு நிறமும் ஒரே சாம்பல். கலர் பிரின்ட் எடுத்தாலும் இந்த மலையில் அது பாதி நாள் பயன்படாது. கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை. கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடி முழுக்கக் கொட்டும். மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னலோர வெளிச்சம் போச்சு. டியூப்லைட் அடியில் கலர் கட்டங்களில் இந்த ஊதாவையும் அந்த நீலத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. வெள்ளைக் கட்டத்தில் கருப்புக் குறி போட்ட சார்ட் எந்த வெளிச்சத்திலும் பேசும்.

குறிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. அடர்ந்த நிறத்துக்கு அடர்ந்த குறி: நிரப்பிய சதுரம், நிரப்பிய முக்கோணம். வெளிர் நிறத்துக்குப் புள்ளி, சின்னக் கோடு. இப்படிப் போட்டால் தாளைக் கை நீட்டிப் பிடிக்கும்போதே பூவின் நிழலுருவம் தெரியும், எந்த இடத்தில் தைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தேட வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு ஊதாவுக்கு வட்டம் ஒன்று, நடுவில் புள்ளி வைத்த வட்டம் ஒன்று என்று ஒரே சாடையில் குறி வைக்கக் கூடாது. பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு, நான்கு ஓரத்திலும் நடுவைக் காட்டும் அம்புக்குறி, இரண்டாம் தாளின் தொடக்கத்தில் முதல் தாளின் கடைசி இரண்டு வரிசையைச் சாம்பல் நிழலில் மறுபடியும் காட்டுவது. இவை இல்லாத சார்ட்டை நான் வாங்குவதில்லை, இலவசமாக வந்தாலும்.

இதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே முறை செய்தால் போதும். பிடிஎஃபாகச் சேமித்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் குறி உடையாது. ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர்கள் பேட்டர்ன் கீப்பர் என்ற ஆப்பில் திறந்து, ஒரு நிறத்தைத் தொட்டால் அந்தக் குறி மட்டும் பளிச்சென்று தெரியும், தைத்ததைக் குறித்துக்கொண்டே போகலாம். ஒரு எச்சரிக்கை: கையால் வரைந்ததை ஸ்கேன் செய்து பிடிஎஃப் என்று பெயர் வைத்தால் அந்த ஆப் அதைப் படிக்காது. குறிகள் எழுத்துருவாகப் பதிந்திருக்க வேண்டும்.

பெரிய அக்காமார்கள் ஆப் பக்கமே போவதில்லை. தாளை நாலாக மடித்து, ஹைலைட்டரால் அடித்துக்கொண்டே போவதுதான் அவர்கள் வழக்கம். அவர்களுக்கும் அதே பிடிஎஃபை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டு தாள் எடுத்தால் முடிந்தது. கடைக்காரர் 'ஃபிட் டு பேஜ்' போட்டு லேசாகச் சுருக்கிவிட்டாலும் கவலையில்லை. பிளவுஸ் பேட்டர்ன் என்றால் அரை சென்டிமீட்டர் சுருங்கினாலே துணி பாழ். இதில் எண்ணிக்கைதான் கணக்கு, தாளில் கட்டம் என்ன அளவாக இருந்தாலும் துணி மாறாது.

ஆகவே என் ஓட்டு: கிராஃப் பேப்பரில் வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கருப்பு வெள்ளைக் குறிச் சார்ட்டாகப் பிடிஎஃப். இருவருக்கும் ஒரே கோப்பு போதும்.

நூல் எண்: டிஎம்சியா, ஆங்கரா?

இரண்டும் நூல் கம்பெனி, நிறத்துக்கு ஒரு எண் வைத்து விற்பவை. வெளிநாட்டு சார்ட்கள் பெரும்பாலும் டிஎம்சி எண்ணோடு வரும். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் கேட்டால் எடுத்து வைப்பது ஆங்கர். கருப்பு டிஎம்சியில் 310, ஆங்கரில் 403. இது எல்லோருக்கும் மனப்பாடம். குறிஞ்சிக்கு வேண்டிய நீல ஊதாவில் டிஎம்சி 333, 340, 341க்கு மாற்றுப் பட்டியல் சொல்வது ஆங்கர் 119, 118, 117. பட்டியல் சொல்கிறதே தவிர இரண்டும் ஒரே சாயம் இல்லை, அருகில் வருகிற நிறம், அவ்வளவுதான். முழுக்க ஒரே கம்பெனி நூலில் தைத்தால் அழகாக வரும். பாதிப் பூவை 340இலும் மீதியை 118இலும் தைத்தால் சேர்ந்த இடம் கோடு போட்ட மாதிரி தெரியும். சார்ட்டில் இரண்டு எண்ணும் இருக்கட்டும், "கலக்காதீர்கள்" என்ற ஒரு வரியும் இருக்கட்டும்.

எத்தனை ஸ்கீன் (நூல் கட்டு) வாங்குவது என்பதையும் எழுத வேண்டும். ஒரு ஸ்கீன் 8 மீட்டர், ஆறு இழை. இரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர். 14 கவுண்ட்டில் கழிவு போக ஏறக்குறைய 1,800 தையலுக்கு வரும் என்று கணக்கு வைக்கலாம். நீலத்தைப் பாதியில் வாங்கப் போனால் கடையில் அந்தச் சாயத் தொகுதி தீர்ந்திருக்கும், புதிதாக வந்ததில் நிறம் ஒரு மயிரிழை மாறியிருக்கும்.

கிட்

கிட் கொடுப்பது பெரிய மனசு, பெரிய வேலையும்கூட. ஒவ்வொரு ஓரத்திலும் மூன்று அங்குலம் விட்டு 14க்கு 12 அங்குலத்தில் ஐடா வெட்ட வேண்டும், 24ஆம் நம்பர் மொட்டை ஊசி வைக்க வேண்டும், நூலைப் பிரித்து அட்டையில் ஓட்டை போட்டுக் கோத்து எண் எழுத வேண்டும். செலவைக் குறைக்க, ஐடாவுக்குப் பதில் கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணி வைக்கலாமா என்றால், வைக்கலாம். வெட்டுவதற்கு முன் குறுக்கே ஒரு அங்குலத்தில் எத்தனை கட்டம், நெடுக்கே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் பூ ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு இருப்பதால் பேப்பர் கவர் அல்லது துணிப் பைதான். மழை மாதத்தில் ஊசியைத் துணியில் குத்தி வைத்தால் துரு பிடித்துக் கறையாகிவிடும், தனியாக வையுங்கள்.

தைக்கத் தெரிந்தவர்களுக்குக் கிட் வேண்டாம் என்பேன். நூல் அவர்கள் பெட்டியிலேயே இருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து

சார்ட்டே இல்லாமல் டிசைன் கைமாறுவதற்கு எங்கள் மலையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கருப்புமாகப் போடும் பூ வேலைக்குக் கிராஃபும் கிடையாது, துணியில் வரைவதும் கிடையாது. துணியின் இழையை எண்ணியே போடுவார்கள். பெரியவர்கள் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சின்னவர்கள் கற்றுக்கொள்வார்கள். எண்ணித் தைப்பது ஒன்றே தவிர, தையல் வேறு, அது கிராஸ் ஸ்டிச் இல்லை. கோலங்கள் எல்லோர் மனசிலும் ஏற்கெனவே இருப்பதால் அங்கே அது நடக்கிறது. நேற்று நான் வரைந்த குறிஞ்சி யார் மனசிலும் இல்லை, எனவே எனக்குத் தாள் வேண்டும்.

இதில் ஒன்று சொல்லியாக வேண்டும். தோடர் பூ வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கோலத்தை அப்படியே கட்டத்தில் இறக்கி "என் புது டிசைன்" என்று சிலர் சார்ட் போடுகிறார்கள். அது புதுசும் இல்லை, அவர்களுடையதும் இல்லை.

மாதத்துக்கு ஒரு பகுதியாகச் சார்ட்டை வெளியிட்டு எல்லோரும் சேர்ந்து தைப்பதும் ஒரு வழி. கூடித் தைக்கிற கூட்டத்துக்குச் சந்தோஷம். மீதியை இப்போதே கொடு என்று நச்சரிப்பவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள், அதற்குத் தயாராக இருந்தால் செய்யலாம்.

பெயர் போடலாமா?

கோல நோட்டு மாதிரிதானே, யார் போட்டது என்று எழுதுவானேன் என்று சிலர் கூச்சப்படுவார்கள். நான் எழுதச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் வரைந்த சார்ட்டின் உரிமை பதிவு செய்யாமலே உங்களுடையது, ஆயுள் காலமும் அதற்குப் பின் 60 ஆண்டும். இரண்டு தாளின் அடியிலும் பெயர், ஆண்டு, "வீட்டில் தைக்க இலவசம், சார்ட்டை விற்க என்னைக் கேளுங்கள்" என்று ஒரு வரி. முதல் தாளில் மட்டும் எழுதினால் இரண்டாம் தாள் அனாதையாகச் சுற்றும்.

யாருக்கும் கொடுப்பதற்கு முன், வரையும்போது பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். இலை நரம்புக்குப் பேக்ஸ்டிச் (கோடு மாதிரி வரும் தையல்) எத்தனை இழை, எந்த எண் என்பது பட்டியலில் விட்டுப்போயிருப்பதை அவர்தான் கண்டுபிடிப்பார்.

புதிதாகக் கற்கிறவர்களுக்கு மட்டும் இந்த 112க்கு 84ஐக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொத்திலிருந்து ஒரே ஒரு பூவைப் பிரித்து 28க்கு 28 கட்டத்தில், நான்கு நிறத்தில் தனிச் சார்ட்டாகப் போடுங்கள். 11 கவுண்ட் துணியில் இரண்டரை அங்குலம் வரும், கட்டமும் பெரிதாகத் தெரியும். கிட் கட்டுவதென்றால் அதற்குக் கட்டுங்கள்.