கார்மின் ஃபோர்ரன்னர் 55, கோரோஸ் பேஸ் 3: ஓட்டப் பயிற்சிக்கு எது?

2021இல் வெளிவந்த கார்மின் ஃபோர்ரன்னர் 55, 2023இல் வெளிவந்த கோரோஸ் பேஸ் 3 ஆகிய இரண்டும் ஏறத்தாழ 42 மி.மீ. விட்டமுள்ள, மெலிந்த மணிக்கட்டிலும் உறுத்தாமல் அமரும் கடிகாரங்கள். முன்னது 37 கிராம், பின்னது நைலான் பட்டையுடன் 30 கிராம்.

முக்கியமான வேறுபாடு, ஓடும் இடத்தை அறியச் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெறும் முறையில் இருக்கிறது. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே ஓடும்போது சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வந்து சேர்வதால், ஒற்றை அலைவரிசையை மட்டும் நம்பும் ஃபோர்ரன்னர், ஓடிய பாதையைச் சாலைக்கு வெளியே வரைந்துவிடக்கூடும். பேஸ் 3 இரண்டு அலைவரிசைகளைப் பயன்படுத்தி அப்பிழையைப் பெரிதும் குறைக்கிறது. அம்முறையில் அதன் மின்கலம் 15 மணி நேரமே தாங்கும் என்றாலும், வழக்கமான முறையில் 38 மணி நேரம் கிடைக்கிறது. ஃபோர்ரன்னர் தருவது 20 மணி நேரம். ஏற்ற இறக்கத்தின் உயரத்தை அளக்க உதவும் காற்றழுத்தமானியும் பேஸ் 3இல் மட்டுமே உண்டு என்பதால், மலைப்பாதையில் ஓடுவோர் அதையே வாங்க வேண்டும்.

ஆயினும், பயிற்றுநர் துணையின்றி இப்போதுதான் ஓடத் தொடங்குபவருக்கு நான் ஃபோர்ரன்னரையே பரிந்துரைப்பேன். முந்தைய ஓட்டங்களையும் உடல் தேறுவதற்குத் தேவையான நேரத்தையும் கணக்கிட்டு, இன்று எவ்வளவு ஓடலாம் என்று அதுவே நாள்தோறும் சொல்கிறது. வேகப் பயிற்சியின்போது இதயத் துடிப்பைத் துல்லியமாக அறிய இரண்டுடனும் மார்புப் பட்டை அணிவதே நல்லது. பேஸ் 3 புளூடூத் பட்டைகளை மட்டுமே ஏற்கும்.