தனி வகுப்பா, பாடத்துக்குள்ளேயா: பள்ளியில் தகவல் தேடக் கற்பிக்கும் வழிகள்

எட்டாம் வகுப்புக்கு ‘நம் ஊர் நீர்நிலைகள்’ என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தால் பெரும்பாலும் என்ன வருகிறது? நான்கு பக்கப் பிரிண்ட், ஒரு சார்ட், ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு. மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்த நான்கு பக்கத்தை எழுதியது யார், எந்த ஆண்டு எழுதியது, அதில் இருப்பது இந்த ஊர் ஏரிதானா என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது. முன்பு பிரவுசிங் சென்டரில் எடுத்தார்கள், இப்போது வீட்டுச் செல்போனில் ஏ.ஐ. செயலி எழுதித் தருகிறது. பிரிண்ட் அழகாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

தேடுவது, தேவையானதைச் சலித்தெடுப்பது, சொந்த நடையில் எழுதுவது, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்வது எல்லாம் சேர்ந்ததுதான் தகவல் திறன். இதைப் பள்ளி நேரத்தில் எங்கே வைப்பது என்பதில்தான் போட்டி. நூலகப் பாடவேளை, கணினி வகுப்பு, அந்தந்தப் பாடத்துக்குள் என்று மூன்று இடங்கள் உண்டு. பின்லாந்தும் இலங்கையும் மூன்றாவது வழியிலேயே வெவ்வேறு கிளைகள் பிரித்திருக்கின்றன.

நூலகப் பாடவேளை

இதன் பலம் எளிமை. கால அட்டவணையில் ஒரு கட்டம் போட்டாயிற்று, யாரையும் மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, பொருளடக்கத்துக்கும் பின்னட்டவணைக்கும் என்ன வித்தியாசம், அகராதியை எப்படிப் புரட்டுவது என்பதெல்லாம் இங்கே நன்றாக நடக்கும்.

பலவீனமும் அந்தக் கட்டத்திலேயே இருக்கிறது. பல பள்ளிகளில் தனி நூலகர் கிடையாது. ஏதோ ஒரு பாட ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகச் சாவி வைத்திருப்பார். தேர்வு நெருங்கினால் கணக்கு வாத்தியார் கடன் கேட்கும் முதல் பீரியட் இதுதான். சீர்காழியில் பிறந்து, நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் எழுதிய ரங்கநாதனின் மாநிலம் இது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. பள்ளிக்குள் வரும்போது மட்டும் நூலகம் ஏன் பீரோவுக்குள் சுருங்குகிறது என்பது தனிக் கதை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2023-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. நல்ல வேலை. ஆனால் அது வாசிப்புப் பழக்கம், தகவல் திறன் வேறு. கதையில் மூழ்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு கட்டுரைகளில் எது நம்பத்தக்கது என்று தானாகத் தெரிந்துவிடாது. நூலகப் பாடவேளையைக் கதைக்கு விட்டுவிடுங்கள் என்பேன். இரண்டையும் அதன் தலையில் ஏற்றினால் இரண்டும் கெடும்.

கணினி வகுப்பு

இங்கே பக்கத்து மாநிலம் நமக்கு முன்னால் போய்விட்டது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018-இல், 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியை அடையாளம் காணக் கற்பித்தார்கள். பிறகு பள்ளிகளின் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மாநிலத்தின் ‘கைட்’ நிறுவனம் அதைப் பரவலாக்கியது. 2024-இல் ஐந்தாம், ஏழாம் வகுப்புக் கணினிப் பாடநூல்களிலேயே உண்மை சரிபார்ப்பு இடம்பெற்றது. பாடநூலில் ஏறிவிட்டால் அதிகாரி மாறினாலும் வகுப்பு நிற்காது. இந்த வழியின் பெரிய லாபம் அது.

குறை என்னவென்றால், கணினி ஆசிரியரிடம் கருவி இருக்கிறது, கேள்வி இல்லை. எந்தத் தளம் நம்பத்தக்கது என்று பொதுவாகச் சொல்லித் தருவார். மாணவருக்கு உண்மையிலேயே விடை தேவைப்படும் கேள்வி, அறிவியலிலோ வரலாற்றிலோதான் எழுகிறது. அந்த நேரத்தில் கணினி வகுப்பில் படித்தது நினைவுக்கு வருமா என்பது சந்தேகம்.

பாடத்துக்குள்ளேயே

இதற்கு வலுவான சான்று அமெரிக்காவில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க் குழு வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் என்று 45 பேரை இணையதளங்களை மதிப்பிடச் சொல்லிப் பார்த்தது. படித்த பேராசிரியர்களே பளபளப்பான தளத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் நேரம் செலவிடவில்லை. உடனே வேறு ஜன்னல்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஊரில் ஒரு கடையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்போமே, அதே வேலை.

பிறகு இதையே ஒரு நகரப் பள்ளி மாவட்டத்தில் 499 மாணவர்களிடம் சோதித்தார்கள். தனி வகுப்பு வைக்கவில்லை. அரசியல் பாட வேளைக்குள்ளேயே 50 நிமிடப் பாடங்கள் ஆறு, நடத்தியது வழக்கமான ஆசிரியர்கள். 2022-இல் வெளியான முடிவில், அந்தப் பாடங்கள் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். புதிய பதவியோ கட்டடமோ இல்லாமல் ஆறு பாடங்களில் கிடைத்த பலன் இது.

பின்லாந்து 2016-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் ‘பல்வகை எழுத்தறிவு’ (எழுத்து, படம், காணொளி என எந்த வடிவில் வந்தாலும் புரிந்து எடைபோடும் திறன்) எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான திறன்களில் ஒன்று. அதற்குத் தனிப் பாடமோ தனி ஆசிரியரோ கிடையாது. பெரும்பாலான பள்ளிகளில் பெரிய நூலகமும் இருக்காது. பிள்ளைகளை உள்ளாட்சிப் பொது நூலகத்துக்கு அழைத்துப் போவார்கள். நம் கிளை நூலகத்தை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘எல்லாருடைய பொறுப்பு’ என்று எழுதியது யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகும் ஆபத்து இந்த வழிக்கு எப்போதும் உண்டு.

இலங்கை அந்த ஓட்டையை வேறு மாதிரி அடைக்கப் பார்த்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவனம் ஆசிரிய நூலகர்களை, அதாவது பள்ளி நூலகத்தையும் கவனிக்கும் ஆசிரியர்களை, பயிற்றுவிக்கிறது. 2004-இல் கொழும்பில் ஆசிய நாடுகளின் நூலகர்கள் கூடி எட்டுப் படிகள் கொண்ட ஒரு வழிமுறையை உருவாக்கினார்கள்: இனங்காண், ஆராய், தெரிவுசெய், ஒழுங்குபடுத்து, உருவாக்கு, முன்வை, மதிப்பிடு, பயன்படுத்து. 1990-இல் அமெரிக்காவின் ஐசன்பர்க்கும் பெர்கோவிட்ஸும் தந்த ஆறு படிகளோடு ஒப்பிட்டால், கொழும்பு வழிமுறை எழுதுவதற்கும் வகுப்பில் சொல்வதற்கும் தனித்தனிப் படி ஒதுக்குகிறது. நம் வகுப்புகளுக்கு அதுதான் பொருத்தம், ஏனென்றால் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது எடுத்ததைத் தன் நடையில் எழுதும் இடத்தில். ஆறாம் வகுப்புக்கு எட்டும் அதிகம், ஆறும் அதிகம். அதே அமெரிக்கர்கள் சின்னப் பிள்ளைகளுக்குத் தந்த ‘திட்டமிடு, செய், சரிபார்’ போதும்.

அப்புறம், தமிழ் வழிக்காரரின் தனிச் சிக்கல்

இறக்குமதியான எந்த வழிமுறையும் இதைப் பேசாது. தமிழில் தேடினால் ஆங்கிலத்தில் வருவதில் ஒரு பங்குதான் வரும். ஆகவே தேடும் முறையோடு தேடும் இடங்களையும் சொல்லித் தரவேண்டும்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், தமிழ் விக்கிப்பீடியா, ஈழத்து எழுத்துகளுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம், 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து வெளிவந்த கலைக்களஞ்சியம். பழைய நூல்தானே என்று ஒதுக்க வேண்டாம், அதுவே நல்ல பாடம். அந்த நூலில் ராமநாதபுரம் மாவட்டத்தைத் தேடினால் சிவகங்கையும் விருதுநகரும் அதற்குள்ளேயே இருக்கும், பிரித்தது 1985-இல். இன்றைய பக்கத்தை அருகில் வைத்து ‘இரண்டும் ஏன் வேறுபடுகின்றன?’ என்று கேட்டால், வெளியான ஆண்டைப் பார்க்கும் பழக்கம் ஒரே பீரியடில் வந்துவிடும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே வாசல்கள் இருக்கின்றன. தமிழ் நூலில் ‘அறிவை விரிவு செய்’ என்று நூற்பெயர்கள், மற்ற நூல்களில் ‘இணையச் செயல்பாடு’. ஆனால் இணையச் செயல்பாட்டில் உரலியும் (இணைய முகவரி) கியூஆர் குறியீடும் படிப்படியான படங்களும் அச்சாகிவிடுகின்றன. பிள்ளை போய்ச் சேருகிறது, தேடவில்லை. உரலியை எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் விட்டால் அதுவே தகவல் திறன் பயிற்சி ஆகிவிடும்.

எனக்கு எது?

பாடத்துக்குள் கலப்பதுதான். ஒரு நிபந்தனையோடு: விடைக்கு மட்டுமில்லாமல் தேடிய வழிக்கும் மதிப்பெண் இருக்கவேண்டும். ஆசிரியர் சொல்லாலும் நூலகர் அன்பாலும் வராத பழக்கம் மதிப்பெண்ணால் வரும். நம் பள்ளிகள் அப்படித்தான் இயங்குகின்றன, அதைச் சாதகமாக்கிக்கொள்வதில் வெட்கம் இல்லை. முப்பருவ முறையில், பருவம் முழுக்க வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள், செயல்திட்டம் எல்லாம் அதற்குள்தான். அதுபோன்ற அக மதிப்பெண்ணில் ஐந்தை மட்டும் ஒரு பக்கத் தேடல் குறிப்புக்கு வைக்கலாம்: முதலில் என்ன சொல் போட்டுத் தேடினேன், எதை ஒதுக்கினேன், ஏன் ஒதுக்கினேன், யாரிடம் கேட்டேன். ஏ.ஐ. செயலியைப் பயன்படுத்தியிருந்தால் அதுவும் அங்கே வரட்டும், அது சொன்னதை எங்கே சரிபார்த்தார் என்பதோடு.

தொடங்க எட்டாம் வகுப்பு சரி. ஒன்பதில் பாடச்சுமை, பத்தில் பொதுத்தேர்வு. பருவத்துக்கு ஒரு பாடம், சமூக அறிவியலிலிருந்து ஆரம்பிக்கலாம். நூலகர் இருக்கும் பள்ளியில் அவரையும் அந்தப் பாடவேளைக்கு வகுப்புக்குள் கூப்பிட வேண்டும். இல்லாத பள்ளி கிளை நூலகரிடம் ஒரு நாள் முன்னதாகத் தலைப்பைச் சொல்லிவிட்டால் புத்தகங்களை எடுத்துவைப்பார்.

ஆசிரியருக்குக் கூடுதல் வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. 40 தேடல் குறிப்புகளைப் படிக்க 40 சார்ட்டுகளைப் புரட்டுவதைவிட நேரம் ஆகும். சார்ட்டை நிறுத்திவிட்டால் அந்த நேரம் கிடைக்கும்.