கூடிச் சமைப்பவர்களுக்கு ஒரு மூடியடுப்பு: வெள்ளவத்தை மொட்டைமாடியில் இரண்டு வருட அனுபவம்

எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளுள் ஒன்றில் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டில் சமையல் எரிவாயு கிடைக்காமல் கொழும்பு மக்கள் வெறும் சிலிண்டர்களோடு வரிசையில் காத்திருந்த மாதங்களில், இந்தக் கட்டடத்தின் ஆறு குடும்பங்கள் மொட்டைமாடியில் கல் அடுக்கிச் சிரட்டைக்கரி மூட்டி, ஒரே நெருப்பில் முறைவைத்துச் சமைத்தோம். எரிவாயு வழமைக்குத் திரும்பிய பின்னரும் அந்தக் கூடலை விட்டுவிட எவருக்கும் மனம் வரவில்லை. போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாள்களில் மாலையில் மேலே கூடுவதும், அவரவர் வீட்டில் சமைத்ததைக் கொண்டுவந்து பகிர்ந்து உண்பதும், நெருப்பில் சுடும் முறைகளை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதும் அப்படியே நிலைத்துவிட்டன. 2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஆறு வீட்டாரும் பணம் சேர்த்து, கல் அடுப்புக்குப் பதிலாக மூடியுள்ள கரி பார்பிகியூ அடுப்பொன்றை வாங்கினோம். இரண்டு வருடங்களுக்கு மேல் பயன்படுத்திவிட்டதால், எங்களைப்போலக் கூடிச் சமைக்க விரும்பும் மற்றவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

அடுப்பு 57 சென்ரிமீற்றர் விட்டமுடையது. அரைக்கோள வடிவில் ஒரு சட்டி, அதே வடிவில் ஒரு மூடி, மூன்று கால்கள், இரண்டு சில்லுகள், அடியில் ஒரு சாம்பல் தட்டு, இவ்வளவுதான். சட்டியின் அடியிலும் மூடியின் உச்சியிலும் திறந்து மூடக்கூடிய காற்றுத்துளைகள் உள்ளன. இந்த வடிவத்தை 1952 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிக்காகோவை அண்டிய உலோகத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர் உருவாக்கினார். கடல் மிதவைகளுக்காகச் செய்யப்பட்ட உலோகக் கோளத்தை இரண்டாகப் பிரித்து, காற்றும் மழையும் தன் நெருப்பைக் கெடுக்காதபடி அதற்கு மூடி அமைத்தவர் அவர். எங்களுடையது அந்த வடிவத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்ட, அதிகம் அறியப்படாத பெயருடைய இறக்குமதிப் பொருள். நாங்கள் கொடுத்த விலை 38,500 ரூபா.

இந்த அடுப்பின் பெறுமதி முழுவதும் அதன் மூடியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கல் அடுப்பில் சமைத்த நாள்களில் எங்கள் கோழிக்கால்கள் வெளியே கருகி, எலும்பை ஒட்டிய இடத்தில் சிவந்தே இருந்தன. எத்தனை முறை புரட்டினாலும் அது மாறவில்லை. மூடியடுப்பில் கரி முழுவதையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறு பக்கத்தை வெறுமையாக விட்டு, கோழித்துண்டுகளை அந்த வெறும் பக்கத்தில் அடுக்கி மூடிவிட்டால், உள்ளே சுழலும் சூடான காற்று அவற்றை எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேகவைக்கிறது. எலும்புள்ள கால்துண்டுகளுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம் போதும். அதன்பின் ஓரிரு நிமிடம் நேரே கரியின் மேல் வைத்துத் தோலை முறுகவைத்தால், பன்னிரண்டு கால்துண்டுகளும் ஒரே பக்குவத்தில் இறங்குகின்றன. இருபது பேருக்குமேல் காத்திருக்கும் ஒரு மாலையில், சமைப்பவர் புகைக்குள் நின்றுகொண்டே இராமல் மற்றவர்களோடு அமர்ந்து பேசவும் முடிகிறது என்பதை நான் ஒரு சிறிய நன்மையாகக் கருதவில்லை.

சூட்டைக் கட்டுப்படுத்துவது காற்றைக் கட்டுப்படுத்துவதே. அடித்துளையைத் திறந்தால் கரி வேகமாக எரியும், அரைவாசி மூடினால் தணியும். மேல்துளையை ஒருபோதும் முழுதாக மூடக் கூடாது. மூடினால் நெருப்பு மூச்சடைத்து, கசப்பான புகை இறைச்சியில் படிகிறது. மேல்துளை இறைச்சி இருக்கும் பக்கத்தின் மேலே வருமாறு மூடியைத் திருப்பி வைத்தால், கரியிலிருந்து எழும் சூடு இறைச்சியைக் கடந்தே வெளியேறும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு கூடல்கள் ஆயின. அடுப்போடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மூடியில் பொருத்தப்பட்டிருந்த வெப்பமானியை நம்ப முடியவில்லை. அதைக் கழற்றி, அதன் கூரான நுனியைக் கொதிக்கும் நீரில் பிடித்துப் பார்த்தோம். கடல்மட்டத்தில் இருக்கும் கொழும்பில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும். எங்கள் வெப்பமானியோ 120 பாகைக்குமேல் காட்டியது. அது சரியாக இருந்திருந்தாலும் மூடியின் உச்சியிலுள்ள காற்றின் சூட்டைத்தான் காட்டும், இறைச்சியின் உள்ளே இருக்கும் சூட்டை அல்ல. ஆகவே ஊசிபோன்ற நுனியுடைய இறைச்சி வெப்பமானியொன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோழியின் தடித்த பகுதியில், எலும்பில் முட்டாதபடி குத்தும்போது அது 74 பாகை காட்ட வேண்டும். கால்துண்டுகளை 80 பாகைக்குமேல் விட்டால் சதை இன்னும் இளகுகிறது. நெஞ்சுப்பகுதியை அவ்வளவு தூரம் விட்டால் காய்ந்துவிடும். பிள்ளைகளும் முதியவர்களும் உண்ணும் இடத்தில் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது சரியல்ல.

கரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல அடுப்பும் கெட்ட கரியோடு தோற்றுவிடும். தேங்காய் விளையும் நாட்டில் வாழும் நமக்குச் சிரட்டைக்கரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அது அதிக சூடு தரும், சாம்பல் குறைவாக விடும். ஆனால் உடைந்த ஓடுகளாக விற்கப்படும் கரி ஒன்றோடொன்று படிந்து காற்றை மறிக்கிறது, சிறு துண்டுகள் கரித்தட்டின் இடைவெளியால் விழுந்துவிடுகின்றன. சரியாகக் கரியாகாத சிரட்டை நெடுநேரம் புகைந்து கண்ணை எரிக்கும். மூடியடுப்புக்கு, சிரட்டைக்கரித் தூளை அழுத்திச் செய்த கட்டிகளே சிறந்தவை. ஒரே அளவாக இருப்பதால் ஒரே சீராக எரிகின்றன. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எங்களுக்கு ஒரு மாலைக்குப் போதுமாக இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டக் கூடாது, அதன் மணம் உணவில் ஏறும். பெரிய பால்மாப் பேணியொன்றின் அடியை வெட்டி, பக்கங்களில் துளையிட்டு, முதலில் வெறுமையாக நெருப்பில் சுட்டு அதன் வர்ணத்தை எரித்துவிட்டு, கீழே காகிதமும் தென்னந்தும்பும் மேலே கரியுமாக நிரப்பி மூட்டுகிறோம். இருபது நிமிடத்தில் கரி வெண்சாம்பல் பூத்துவிடும். அதற்கு முன் எதையும் சுட வைப்பதில்லை. கொழும்பின் ஈரக்காற்றில் கரி நமுத்துப் போகும் என்பதால், பையைத் திறந்தவுடன் மீதியை இறுக்கமான மூடியுள்ள வாளியில் போட்டுவிட வேண்டும்.

இனி இந்த அடுப்பைச் சுற்றி நாங்கள் பகிர்ந்துகொண்டவற்றைச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது, ஏனெனில் பொருளை வாங்கியது பணம், அதைப் பயன்படுத்தக் கற்றுத்தந்தது அயலவர்கள். மட்டக்களப்பிலிருந்து வந்த அக்கா கணவாயைச் சுடும்போது, கரி மிக வெப்பமாக இருக்கும் வேளையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடத்துக்குமேல் வைக்க விடமாட்டார். அதற்கு மேல் போனால் அது இறப்பராகிவிடும் என்பது அவருடைய கண்டிப்பு. இறால் கோர்ப்பதற்குத் தென்னை ஈர்க்குகளை அரை மணி நேரம் நீரில் ஊறவைக்கச் சொன்னவரும் அவரே. பதுளை அண்ணர் சோளத்தைத் தோலோடு நீரில் நனைத்து மூடிக்குள் வேகவைத்து, பின்பு தோலுரித்து நெருப்பில் காட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தோய்த்த தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துத் தருவார். எங்கள் யாழ்ப்பாணத்துப் பெரியம்மா இறைச்சி உண்பதில்லை. கடைசித் தணலில் முழுக் கத்தரிக்காய்களைப் புதைத்துத் தோல் கருகச் சுட்டு, உரித்துப் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் முதற் தேங்காய்ப்பாலும் தேசிப்புளியும் சேர்த்து அவர் செய்யும் சம்பலுக்கு ஈடான எதையும் இந்த அடுப்பு எங்களுக்குத் தந்ததில்லை என்று நான் மனமாரச் சொல்வேன். எரிவாயு அடுப்பில் சுட்ட கத்தரிக்காயில் அந்தப் புகைமணம் வருவதில்லை.

முழு மீன் சுடுவதில் நாங்கள் நெடுநாள் தடுமாறினோம். பேலியகொடைச் சந்தையிலிருந்து விடியற்காலையில் வாங்கிவந்த அருமையான பாரையின் தோல் முழுவதும் கம்பியோடு ஒட்டிக்கொண்ட நாளில் எனக்கு மிகுந்த வருத்தம். காரணம் மீனில் இருந்த ஈரமும் கம்பியில் போதாத சூடும். இப்போது மீனைத் துணியால் ஒற்றி உலர்த்தி, கம்பியைப் பத்து நிமிடம் சூடாக்கி, எண்ணெய் தோய்த்த வெங்காயப் பாதியால் துடைத்துவிட்டு வைக்கிறோம். தானாக விடுபடும்வரை அசைப்பதில்லை. சுடுவதற்கு இருபது நிமிடத்துக்கும் முந்தியே தேசிப்புளியைப் பூசிவைப்பதும் இல்லை, ஏனெனில் புளிப்பு மீன்சதையை நெருப்புக்கு முன்னரே இறுக்கி மாவாக்கிவிடும். வறுத்த கறித்தூளையும் சீனி கலந்த குழம்பையும் தொடக்கத்திலேயே பூசினால் அவை கருகிக் கசக்கும். வறுக்காத மசாலாவில் ஊறவைத்து, இனிப்பானதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவுவதே எங்கள் வழக்கம். ஆட்டிறைச்சிக்குப் பச்சைப் பப்பாசியை அரைத்துப் பூசுபவர்கள் அதை ஒரு மணி நேரத்துக்குமேல் விடவேண்டாம். பப்பாசியிலுள்ள பப்பெயின் என்னும் நொதியம் தசைநாரைக் கரைத்துக்கொண்டே போகும்.

ஒரே அடுப்பில் பல வீட்டு உணவு வேகும்போது சில ஒழுங்குகள் வேண்டும். எங்களுள் ஒரு முஸ்லிம் குடும்பம் இருப்பதால் இறைச்சி எல்லாம் ஹலாலாகவே வாங்கப்படுகிறது. மாட்டிறைச்சி மேலே வருவதில்லை. சைவ உணவு முதலில், அதற்கென்றே வைத்திருக்கும் தனிக் கம்பித்தட்டில் சமைக்கப்படுகிறது. போயா தினத்தில் இறைச்சி விற்பனை இல்லாததால் முதல் நாளே வாங்கிக் குளிரூட்டியில் ஊறவைத்து, ஐஸ் பெட்டியில் மேலே கொண்டுவருகிறோம். பச்சை இறைச்சி இருந்த தட்டில் சுட்டதை மீண்டும் வைப்பதில்லை. பகிர்வதற்கு வரும் சோறும் கறியும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக் கூடாது என்பதை, உபசரிப்பில் குறையாகத் தோன்றினாலும் விடாமல் கடைப்பிடிக்கிறோம்.

குறைகளைச் சொல்கிறேன். கடற்காற்றுப் படும் இடத்தில் இந்த அடுப்பின் ஆணிகள் ஆறு மாதத்தில் துருப்பிடித்தன. சட்டியின் எனாமல் பூச்சு இன்றும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் மூடியைத் தரையில் வைத்த ஒரு நாளில் அதன் விளிம்பில் பூச்சு உதிர்ந்து அங்கும் துரு ஏறியது. கைப்பிடிக்கும் மூடிக்கும் இடையில் வெப்பத்தடுப்புத் தகடு இல்லாததால் கையுறை இல்லாமல் திறக்க முடிவதில்லை. கம்பிகளின் இடைவெளி அகலமானது, கணவாய் வளையங்கள் கீழே விழுந்துவிடுகின்றன. ஒரு கால் சற்றுக் குட்டையாக வந்ததை விற்ற கடையில் முறையிட்டும் மாற்றித் தரவில்லை; வெல்டிங் செய்பவரிடம் கொடுத்துச் சரிசெய்தோம். சாம்பலை உள்ளேயே விட்டது எங்கள் தவறு. ஈரம் பட்ட சாம்பல் காரமாகி உலோகத்தை அரிக்கும் என்பதை, சாம்பல் தட்டு ஓட்டையான பின்பே அறிந்தோம். இப்போது சாம்பலை உலோக வாளியில் கொட்டி, மறுநாள்வரை குளிரவிட்டே அப்புறப்படுத்துகிறோம்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அடுப்பை நீர்த்தாங்கியின் மறைவில் வைக்கிறோம். தீப்பொறி பறக்கும் அளவுக்குக் காற்று இருந்தால் மூட்டுவதே இல்லை. அருகில் எப்போதும் இரண்டு வாளி நீரும் ஒரு வாளி மணலும் இருக்கும். முகாமைத்துவக் குழுவின் அனுமதியையும் எழுத்தில் பெற்றிருக்கிறோம். பல்கனியிலோ வீட்டுக்குள்ளேயோ கரி அடுப்பை மூட்டவே வேண்டாம். கரியிலிருந்து வெளியாகும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு மணமோ நிறமோ கிடையாது. அணைந்துவிட்டதாகத் தோன்றும் தணலிலிருந்தும் அது வந்துகொண்டிருக்கும். மழைக்காக அடுப்பை உள்ளே இழுத்துவைக்கும் எண்ணம் எங்களுக்கும் ஒருமுறை வந்தது. மூன்றாம் மாடி ரீச்சர் தடுத்தார்.

மூவர் நால்வர் மட்டுமுள்ள வீட்டுக்கு இவ்வளவு பெரிய அடுப்பு தேவையில்லை, கரி வீணாகும். நான்கு ஐந்து குடும்பங்கள் சேர்ந்து சமைப்பதாயின், குறைகளோடும் இதை வாங்கலாம் என்றே சொல்வேன். வாங்கும்போது மூடியைக் கடையிலேயே சட்டியின்மேல் வைத்து இடைவெளியில்லாமல் அமர்கிறதா என்று பாருங்கள், மூன்று கால்களையும் பூட்டச் சொல்லித் தளத்தில் நிறுத்திப் பாருங்கள், அடித்துளையின் தகடு விரலால் எளிதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில், இரும்புச் சாமான் கடைகள் உள்ள பழைய சோனகத் தெருவில் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகள் வாங்கி, முதல் நெருப்பு மூட்டுவதற்கு முன்பே எல்லா ஆணிகளையும் மாற்றிவிடுங்கள். துருப்பிடித்து இறுகிய பின் அவற்றைக் கழற்ற எங்களுக்கு அரை நாள் பிடித்தது.