பேசுவதா, மெயிலா, சாட்டா: மேலாளருக்கு எது எப்போது?

டீமிடம் ஒன்றைச் சொல்ல மேலாளருக்கு இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. நேரில் பேசலாம், போன் போடலாம், மெயில் அனுப்பலாம், சாட்டில் ஒரு வரி தட்டலாம், அதுவும் போதாதென்றால் எல்லோரையும் மீட்டிங்குக்குக் கூப்பிடலாம். நடைமுறையில், அந்த நேரத்தில் கைக்கு எது அகப்படுகிறதோ அதிலேயே சொல்லிவிடுகிறோம். கசப்பான செய்தி என்றால் இன்னும் மோசம்: எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியிராத வழியாகத் தேடி எடுக்கிறோம்.

இதில் எனக்கு உபயோகமாகப் படும் பாகுபாடு, 1986இல் ரிச்சர்ட் டாஃப்ட், ராபர்ட் லெங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது. விஷயம் தெரியாமல் இருப்பது ஒரு சிக்கல். தெரிந்த விஷயத்தையே ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வது வேறு சிக்கல். முதலாவதற்கு எழுத்து போதும்: தேதி, தொகை, யார் பொறுப்பு, எந்த ஃபைல். இரண்டாவதற்கு எத்தனை பக்கம் எழுதினாலும் ஆகாது, உட்கார்ந்து பேசித்தான் தீர வேண்டும். அலுவலகச் சாட் செயலிகள் வராத காலத்தில் சொன்னது. இன்றைக்கும் பொருந்துகிறது.

குறை சொல்வதை எடுத்துக்கொள்வோம். இங்கே மெயிலுக்கும் பேச்சுக்கும் போட்டியே கிடையாது, பேச்சுதான். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்ளி குழுவினர் 2005இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று இது: சில வாக்கியங்களைக் கிண்டலாகவோ நிஜமாகவோ மெயிலில் அனுப்ப வேண்டும். எது கிண்டல், எது நிஜம் என்று பெறுபவர் கண்டுபிடிக்க வேண்டும். சுமார் 78 சதவீதம் சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலே 50 வந்திருக்கும். அதையே குரலில் சொன்னபோது 73 வரை போனது.

எழுதும்போது நம் மண்டைக்குள் நம் குரல் ஓடிக்கொண்டிருக்கும். படிப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? வெள்ளிக்கிழமை மாலை ‘ரிப்போர்ட் பார்த்தேன். திங்கள் பேசலாம்’ என்று அனுப்பிவிட்டு மேலாளர் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். பெற்றவருக்கு இரண்டு நாள் தூக்கம் போச்சு. ‘ரிப்போர்ட் நன்றாக வந்திருக்கிறது, மூன்றாம் பக்கக் கணக்கில் மட்டும் ஒரு சந்தேகம், திங்கள் பேசலாம்’ என்று எழுத இன்னும் பத்து நொடி ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

அதற்காக, ‘பேச்சில் சொற்களின் பங்கு வெறும் 7 சதவீதம்’ என்று பயிற்சி வகுப்புகளில் ஓதுகிறார்களே, அதை நம்பிவிட வேண்டாம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த சோதனைகளிலிருந்து பிய்த்தெடுத்த கணக்கு அது. ஒற்றைச் சொல்லையும் குரலையும் முகத்தையும் வைத்து ஒருவரின் விருப்பு வெறுப்பை எப்படி ஊகிக்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. பட்ஜெட்டை விளக்கும் மேலாளருக்குச் சொற்கள்தான் முக்கியம்.

பேச்சு தோற்கும் இடம் ஞாபகம். ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று இவர், ‘அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று அவர். இருவரும் பொய் சொல்லவில்லை, ஒரே பேச்சிலிருந்து இரண்டு முடிவுகளோடு எழுந்து போயிருக்கிறார்கள். பேசி முடித்த கையோடு மூன்று வரி மெயில் போட்டால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்: ‘முதல் பதிப்பு புதன்கிழமைக்குள், நீங்கள். சரிபார்ப்பது நான். விலைப்பட்டியலை இந்த முறை சேர்க்கவில்லை.’ மூன்றாவது வரியைப் பாருங்கள். எதைச் செய்யப்போவதில்லை என்பதை எழுதுபவர்கள் குறைவு. சண்டை வருவதென்னவோ பெரும்பாலும் அங்கேதான்.

சாட் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. சின்னக் கேள்வி, சின்னப் பதில், ‘லிங்க் அனுப்புங்க’, ‘ஐந்து நிமிஷம் தாமதம்’, இதற்கெல்லாம் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் மேலாளர்கள் அதில் முடிவெடுக்கிறார்கள். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் ‘இதை இன்னைக்கே கொஞ்சம் பாத்துடுங்க’ என்று ஒரு மொட்டைச் செய்தி. எதை? யார்? பதினொரு பேரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். படித்தேன் என்கிறாரா, சம்மதம் என்கிறாரா, முடித்துவிடுகிறேன் என்கிறாரா, யாருக்கும் தெரியாது. மாலைக்குள் அதன்மேல் நாற்பது செய்திகள் விழுந்துவிடும். பேச்சில் இருக்கும் தொனியும் இதில் இல்லை, மெயிலைத் தேடி எடுக்கும் வசதியும் இதில் அரைகுறைதான். ராத்திரி பதினொரு மணிக்கு மேலாளர் அனுப்பும் செய்தியும் அப்படியே. ‘நாளைக்குப் பார்த்தால் போதும்’ என்று சேர்த்திருந்தாலும், மேலாளர் பெயர் திரையில் மின்னினால் எவரும் எடுத்துப் பார்க்கத்தான் செய்வார். நேரம் குறித்து அனுப்பும் வசதி பல செயலிகளில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம்.

மீட்டிங்கா, மெயிலா என்பது பழைய வழக்கு. தகவல் ஒரு பக்கமாக மட்டும் போகிறதென்றால் மெயில், அப்புறம் பேச என்ன இருக்கிறது? கருத்து மோதினால் மீட்டிங். இரண்டுக்கும் நடுவே அமேசானில் ஒரு வழி உண்டு. 2004இல் ஜெஃப் பெசோஸ் தன் மூத்த மேலாளர்களின் கூட்டங்களில் ஸ்லைடு காட்டுவதை நிறுத்தினார். பதிலுக்கு முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு, அதிகபட்சம் ஆறு பக்கம். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அதை அங்கேயே மௌனமாகப் படித்துவிட்டு அப்புறம்தான் பேச வேண்டும். சின்ன டீமுக்கு ஆறு பக்கம் ரொம்பவே ஓவர், ஒரு பக்கம் போதும். ஆனால் அந்த மௌன வாசிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வாய்ச்சாலகர் முதல் பத்து நிமிடத்திலேயே கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போவது அதனால் குறைகிறது. யோசித்துப் பேசுகிறவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

தூரத்திலிருந்து வேலை செய்பவர்களோடு வீடியோ காலா, வெறும் போனா? தனியாக இருவர் பேசும்போது, அதுவும் விஷயம் நெருடலாக இருந்தால், கேமரா இருப்பது நல்லது. வழக்கமான வாரப் பேச்சுக்கு, நடந்துகொண்டே பேசும் போன் கால் இருவருக்கும் இலகு. ஐம்பது பேர் கூடி ஒருவர் மட்டும் பேசும் காலில் எல்லோரையும் கேமரா போடச் சொல்லும் மேலாளர் வருகைப் பதிவுதான் எடுக்கிறார்.