ஆன்லைன் கோர்ஸா, வீடியோ கால் குரூப்பா?

அம்மாவுக்கு அல்சைமர்னு, அதாவது மறதி நோய்னு தெரிஞ்சப்புறம், அவங்களை எப்படிப் பார்த்துக்கிறதுன்னு கத்துக்க ஆன்லைன் கோர்ஸ், இதே மாதிரி வீட்ல பார்த்துக்கிறவங்க சேர்ந்து பேசுற வீடியோ கால் குரூப், நான் ரெண்டையும் பண்ணிப் பார்த்தேன், அதனால சொல்றேன்.

கோர்ஸ்னா உலக சுகாதார நிறுவனத்தோட ஐசப்போர்ட் இருக்கு, 2019-ல வந்தது, இந்த மாதிரி நோயாளிகளைப் பார்த்துக்கிறவங்களுக்காகவே பண்ணினது, 5 பகுதி, 23 பாடம், எல்லாம் சின்னச் சின்னது. அம்மா தூங்கினப்புறம் ராத்திரி 11 மணிக்கு ஒரு பாடம் படிச்சிட்டுப் படுக்கலாம், பாதியில எந்திரிச்சுப் போனாலும் ஒண்ணும் ஆகாது. நோய் மூளையில என்ன பண்ணுது, ஏன் கோபம் வருது, குளிக்க வைக்கிறது எப்படி, அடிப்படை எல்லாம் இதுலதான் எனக்குப் புரிஞ்சது.

ஆனா சாயங்காலம் ஆனா அம்மா பையைத் தூக்கிட்டு வாசல்ல நின்னு "எங்க வீட்டுக்குப் போகணும்"னு அழுவாங்க, நான் "இதுதாம்மா நம்ம வீடு"ன்னு தினம் வாதாடுவேன், அது இன்னும் மோசமாத்தான் போகும். குரூப்ல ஒரு அக்கா, "வாதாடாதம்மா, 'சரி போலாம், அந்த வீட்டைப் பத்திச் சொல்லுங்க'ன்னு கேளு"ன்னாங்க. அன்னிக்கு சாயங்காலமே கேட்டேன், அம்மா பையைக் கீழ வெச்சிட்டு உக்காந்து பேச ஆரம்பிச்சிட்டாங்க. வாதாடக் கூடாதுன்னு பாடத்துலயும் படிச்சிருந்தேன், ஆனா அதே அழுகையைப் பார்த்த ஒருத்தர் சொன்னப்பதான் மனசுல ஏறுச்சு.

குரூப்ல கஷ்டம் நேரம்தான், அவங்க வைக்கிற நேரத்துல நம்மால உக்கார முடியாது. மருந்து விஷயம் மட்டும் அங்க கேட்காதீங்க, டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

இப்பதான் தெரிஞ்சுதுன்னா முதல்ல கோர்ஸ். ஏற்கனவே தூக்கமில்லாம தனியா அல்லாடுறீங்கன்னா இந்த வாரமே குரூப்ல சேருங்க, பாடம் அப்புறம் படிச்சுக்கலாம்.